வலது கை அவளுக்கு

“ரெண்டு கையும் அதுலயே இருந்தா காபியை எந்தக் கையால குடிப்பீங்க, மாப்ளே?”

மரகதம் டம்ளரை லேப்டாப் பக்கத்தில் வைத்தாள். மாமியாரை ஸ்ரீகண்டன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறு மணிக்கு எழுந்திருந்தான். மோட்டார் போட்டான். பல் தேய்த்தான். பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்தான். மோட்டாரை நிறுத்தினான். உட்கார்ந்தான். மனைவி வீணா இறந்த பிறகு, நீலசந்திராவில் இருக்கும் இந்த வீட்டில் எல்லாக் காலையும் இப்படித்தான்.

“டேய் ஸ்ரீ, அக்கா வந்து எவ்ளோ நேரமாச்சு. மூஞ்சியையாவது காட்டுடா.”

ராதா சந்தாபுராவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். தம்பியைக் கையோடு கூட்டிப்போவது என்று முடிவு செய்துதான் கிளம்பியிருந்தாள்.

“இந்தப் பாறை தாண்டட்டும்க்கா.”

திரையில் ஒரு செங்குத்தான மலை. ஒரே கயிற்றில் இடுப்பு கட்டப்பட்ட இரண்டு பொம்மைகள். தொப்பி போட்டது இவன். ரெட்டைச் சடை போட்டது வீணா. ஒன்று பாறையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றது கயிற்றில் ஊஞ்சலாடித் தாவ வேண்டும். ஒன்று கை விட்டால் இரண்டும் அடிவாரத்துக்குப் போய்விடும். நிறுத்திய இடத்திலிருந்து மறுநாள் தொடரலாம்; விழுந்தால் மட்டும் முதலிலிருந்துதான். தோளோடு தோள் இடித்துக்கொண்டு இருவருமாக ஆடிய ஆட்டம். இப்போது இடது கை இவனுக்கு, வலது கை அவளுக்கு.

“என் பொண்ணு தீபிகா சொல்றா, இதுல தனியா ஆடற மாதிரியும் இருக்காமே?”

“இருக்கு.”

“அதை ஆடினா சீக்கிரம் மேல போயிடலாம்ல?”

“போயிடலாம்.”

“அப்புறம் என்ன?”

“மாட்டேன்.”

“அத்தை, நீங்களாவது சொல்லக் கூடாதா?”

“நான் ஏன் சொல்லணும்?” மரகதம் இடுப்பில் கை வைத்து நின்றாள். “ஐசியூல ஒருத்தரைத்தான் உள்ள விட்டாங்க. அப்போ மாப்ளைகிட்ட என் பொண்ணு கேட்டது ஒண்ணே ஒண்ணு. ரெண்டு பேருமா உச்சிக்கு ஏறிடணும்னு. தங்கம் கேட்டாளா, வைரம் கேட்டாளா? போற உயிரு கேட்டதைச் செய்யாம விடறதா?”

“வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க.”

“தெருவுக்கே தெரியும். பூக்கார முத்தம்மா தினம் கேக்கறா, ‘உங்க மருமவன் ஏறிட்டாரா’ன்னு. மஞ்சத் துணியில காசு முடிஞ்சு வெச்சிருக்கேன். அவர் ஏறின அன்னிக்கே அம்மனுக்குக் கொண்டுபோய்ப் போடணும்.”

“கேமுக்கு வேண்டுதலா அத்தை?”

“நீ பாஸாவணும்னு உங்க அம்மா வேண்டிக்கல? அந்த மாதிரிதான். உக்காந்த இடத்துல ஏற முடியாம தவிக்கிறதுதானே ரெண்டும்?”

ராதாவுக்குச் சிரிப்பு வந்தது. தம்பியின் முதுகைப் பார்த்ததும் போய்விட்டது. சட்டைக்குள் தோள் எலும்பு துருத்திக்கொண்டு இருந்தது.

“டேய், நிஜமாவே அவ கேட்டாளா?”

“கேட்டா.” கண் திரையில்தான் இருந்தது.

“கேட்டான்னா சாப்பிடாம ஏறச் சொன்னாளா? விடிஞ்சா இது, ஆஃபீஸ், திரும்ப வந்தா இது. போதும்டா, எழுந்திரு.”

சட்டென்று லேப்டாப் மூடியைப் பிடித்துச் சாய்த்தாள். மூடவிடாமல் ஸ்ரீகண்டன் இடது கையை எடுத்துத் தடுத்தான்.

அவ்வளவுதான். தொப்பிப் பொம்மை பாறையை விட்டது. ஊஞ்சலில் இருந்த சடைப் பொம்மையையும் கயிறு இழுத்துக்கொண்டது. இரண்டும் முட்டி மோதி, உருண்டு, தீபாவளியிலிருந்து ஏறியது அத்தனையும் இறங்கி, அடிவாரத்துப் புல்லில் வந்து விழுந்தன.

மரகதம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஸ்ரீ... மூடத்தான் வந்தேன்டா. தள்ளிவிடணும்னு இல்ல.” ராதா மூடியிலிருந்து கையை எடுத்தாள்.

“பரவால்லக்கா. தள்ளிவிடறதுக்குன்னே செஞ்ச மலை இது.”

அவன் ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தான். டம்ளரைத் தள்ளி வைத்தான். இடது கையை அதன் இடத்தில் வைத்தான். வலது கையை அதன் இடத்தில் வைத்தான். பொம்மைகள் எழுந்து நின்றன.

ராதா நாற்காலியை இழுத்துப் போட்டாள். “நகரு. அந்தப் பக்கத்து பட்டனை நான் அழுத்தறேன். நீ உன் பக்கம் மட்டும் பாரு.”

“வேணாம்.”

“ஏன்டா, தப்பா அழுத்திடுவேனா?”

“அது வீணாவோட பக்கம்க்கா.”

ராதா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். பிறகு எழுந்து அவன் தலையைக் கலைத்துவிட்டாள்.

“சரி, ஏறு. அவ கேட்டுட்டுப் போனதைத் தடுக்க நான் யாரு? ஆனா சாப்பிட்டுட்டு ஏறணும், சொல்லிட்டேன்.”

“உப்புமா கிண்டவா ராதாம்மா?”

“வெங்காயத்தை நான் நறுக்கறேன், வாங்க அத்தை.”

இருவரும் சமையலறைக்குள் போனார்கள். தொப்பிப் பொம்மை முதல் பாறையைப் பிடித்தது. கயிற்றில் சடை ஆட ஆரம்பித்தது.

அன்றைக்கு ஐசியூவில் வீணா எதையும் கேட்கவில்லை. மாஸ்க்கை விலக்கி, மூச்சு வாங்கி, உத்தரவுதான் போட்டாள்:

“அந்த கேமை இன்னிக்கே அழிச்சிடு, ஸ்ரீ. இல்லேன்னா என்னையும் நீயே இழுத்துக்கிட்டு அங்கயே உக்காந்துடுவே. உன்னை எனக்குத் தெரியாதா?”