ஐம்பத்தெட்டு முறை

கருத்துப் படிவத்தை நிரப்பினால்தான் கணினியில் ஹால் டிக்கெட் இறங்கும். ஐம்பத்தெட்டுப் பேருக்கும் அதை நிரப்புவது வகுப்புத் தலைவி செண்பகவல்லியின் வேலை. பதிவெண்ணும் பிறந்த தேதியும் போதும். எல்லா ஆசிரியருக்கும், எல்லாக் கேள்விக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டுவிடுவாள். போன செமஸ்டரில் மட்டும், தாமதமாக வந்த தனக்கு ஆப்சென்ட் போட்டுவிட்டார் என்ற கடுப்பில், எஸ்தர் மேடத்துக்கு ஒரு கேள்வியில் ஐம்பத்தெட்டு முறையும் ஒன்று போட்டாள். குரல் கடைசி பெஞ்ச் வரை கேட்கிறதா என்பது அந்தக் கேள்வி.

இந்த செமஸ்டரின் முதல் நாள் மேடம் சொன்னார்: "ஒருத்தர் ரெண்டு பேர்னா பரவால்ல. மொத்த கிளாஸும் கேக்கலைன்னு போட்டிருக்கீங்க. நேர்லயே சொல்லியிருக்கலாமே, பிள்ளைங்களா." அன்றிலிருந்து பெஞ்சுகளுக்கு நடுவில் வந்து நின்று, தொண்டை கட்டக் கட்டப் பாடம் நடத்தினார். செண்பகவல்லி புத்தகத்தைவிட்டு நிமிரவே இல்லை. போன மாதம் சாலை விபத்தில் மேடம் இறந்துபோனார்.

இந்த முறை படிவத்தைத் திறந்தபோதும் திரையில் அவர் பெயர் அப்படியே இருந்தது. அலுவலகத்தில் போய்க் கேட்டதற்கு, "இப்ப எடுக்க முடியாதும்மா. எதையாவது போட்டாத்தான் அடுத்த பக்கம் போகும்," என்றார்கள். நேரத்துக்கு வகுப்புக்கு வருகிறாரா? ஐந்து போட்டாள். அடுத்து அந்தக் கேள்வி வந்தது. மவுஸ் மேல் வைத்த கை அப்படியே நின்றது.

"என்னடி, இன்னும் முதல் ஆள்லயே நிக்கிற?" என்றாள் பக்கத்தில் இருந்த பர்வீன்.

"இரு... கேக்குதுடி," என்று ஐந்தை அழுத்தினாள். இன்னும் ஐம்பத்தேழு முறை அது கேட்கும்.