இடது பக்கம்

குழந்தை எந்தப் படத்தை எவ்வளவு நேரம் பார்க்கிறது என்று வீட்டுக் கணினியின் கேமரா வழியாக அளக்கும் ஆராய்ச்சி அது. தாயின் பார்வை குழந்தையைத் திருப்பிவிடாதபடி அவள் கண்ணை மூடியிருக்க வேண்டும். சாயம்போன நைட்டியோடு நின்ற வேலைக்காரப் பவுனக்காவை இடது பக்கத்து வாசற்கதவுக்குப் பின்னால் போகச் சொல்லிவிட்டு, சுகந்தி குழந்தையை மடியில் வைத்துக் கண்ணை மூடினாள்.

முடிந்ததும் ஆராய்ச்சிப் பெண் திரையில் சொன்னாள்: "பாப்பா படத்தையே பாக்கல மேடம். இடது பக்கமே பாத்துச் சிரிச்சிட்டிருந்தா. அங்க யாராவது இருக்காங்களா?"

"யாருமில்லையே" என்றாள் சுகந்தி. சொன்ன வாய் கூசியது.

"அப்ப இன்னொரு தடவை பாத்துடலாம்."

ஓசை வராமலிருக்கச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்ட பவுனக்கா, கதவிடுக்கில் தலைநீட்டிக் கிசுகிசுத்தாள்:

"தெருமுனையில போய் நின்னுக்கறேம்மா. நா இல்லேன்னா பாப்பா பாஸாயிரும்."