உயிருக்கு ஆபத்தில்லை

"திருப்பாதேக்கா. நாம ஜெயிச்சாச்சு" என்றான் தம்பி.

அக்கா சுக்கானைத் திருப்பிவிட்டாள்.

முடிவுக் கோடு எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்தது. பின்னால் தொழிற்சாலை மேலாளருடைய மருமகனின் படகு கவிழ்ந்து கிடந்தது. படகு தெரிந்தது, பாய் தெரிந்தது, ஆள் தெரியவில்லை.

"அவரைத் தூக்கத்தான் மோட்டார் படகு இருக்கே."

"அது எங்க இருக்குன்னு பாரு."

மோட்டார் படகு அக்கரையில் இருந்தது. விருந்தாளிகளை ஏற்றிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு பாய்க்கயிற்றை இழுத்தான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகிற வேதனை அவனுக்கு.

அது படகுப் பாய் தைக்கும் தொழிற்சாலை. அக்கா தையல் பிரிவு, சங்கச் செயலாளரும் அவள்தான். தம்பி ஃபிட்டர். அதிகாரிகளின் படகுகளைப் பழுது பார்த்து, சரியாக இருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்தே ஓட்டப் பழகியவர்கள். ஏரிக்கரை முழுவதும் அதிகாரிகளின் கிளப். தொழிலாளர் குடியிருப்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் எப்போதும் பூட்டிய ஓர் இரும்புக் கதவு. வெயில் காலத்தில் பிள்ளைகள் அந்தக் கம்பிகளில் முகத்தைப் பதித்துக்கொண்டு ஏரியைப் பார்ப்பார்கள்.

வருடா வருடம் சனி, ஞாயிறில் நட்புப் பாய்ப்படகுப் போட்டி நடக்கும். இந்த முறை தொழிலாளருக்கும் ஒரு படகு கொடுத்தார்கள். சனிக்கிழமை காலை மேலாளர் மைக்கைப் பிடித்து, உங்கள் படகு கோப்பையை எடுத்தால் ஞாயிறுதோறும் கதவைத் திறந்து விடுகிறேன் என்றார். சிரிக்க வைக்கச் சொன்னதுதான். ஆனால் மைக்கில் சொன்னது. அக்கா எழுந்து நின்று, எல்லார் முன்னாலும் அதை இன்னொரு தடவை சொல்ல வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பந்தயத்துக்கு முன்பு அக்காவின் படகு முதலிடத்தில் இருந்தது. மேலாளர் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

அந்தக் கடைசிப் பந்தயத்தில்தான் இது.

அக்கா தண்ணீரில் குதித்தாள். பாய்க்கு அடியில் மருமகனின் கணுக்காலைக் கயிறு சுற்றி இறுக்கியிருந்தது. இடுப்புக் கத்தியால் அறுத்து வெளியே இழுத்தபோது அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. தண்ணீரைக் கக்கிவிட்டு, "விட்டுடாதீங்க, விட்டுடாதீங்க" என்று அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்.

கணக்கு அதிகாரியின் படகு பக்கத்தில் வந்தது. கையசைத்துவிட்டுப் போய்க் கோட்டைத் தாண்டியது. நட்புப் போட்டி அல்லவா.

"போச்சு. எல்லாம் போச்சு" என்றான் தம்பி.

"ஒண்ணும் போகல. விதி இருக்கு."

இருந்தது. ஆபத்தில் இருக்கிற ஆளைக் காப்பாற்றப் போய் ஒரு படகு பின்தங்கினால், இழந்த இடத்தை நடுவர்கள் அதற்குத் திருப்பித் தரவேண்டும். கேட்டால் போதும். அக்கா கேட்டாள்.

கிளப் அறையில் மூன்று நடுவர்கள் உட்கார்ந்தார்கள். மேலாளர் ஓரமாக ஒரு நாற்காலி போட்டுக்கொண்டார். தம்பி பார்த்ததை எல்லாம் சொன்னான். தலைமை நடுவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆபத்து இருந்துச்சா இல்லையான்னு ஆபத்துல இருந்தவர்தானே சொல்லணும்?" என்றார்.

மருமகன் போர்வையைச் சுற்றிக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தார். மாமனாரைப் பார்த்தார். அக்காவைப் பார்க்கவில்லை.

"எனக்கு நல்லா நீச்சல் தெரியும். படகை நிமித்திட்டிருந்தேன். இவங்கதான் பதறிப்போய் வந்துட்டாங்க."

"போர்வையை விலக்கிக் காலைக் காட்டச் சொல்லுங்க" என்றான் தம்பி.

மருமகன் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். நடுவர்கள் யாரும் குனிந்து பார்க்கவில்லை. உயிருக்கு ஆபத்து எதுவும் இல்லை, ஆகவே இழந்த இடமும் இல்லை என்று தீர்ப்பு வந்தது. கோப்பை கணக்கு அதிகாரிக்கு.

வெளியே தொழிலாளர்கள் காத்திருந்தார்கள். சங்கத்துக்கே சந்தா கட்டாதவன்தான் முதலில் வாயைத் திறந்தான். ஒருத்தனைக் கரையேற்றி ஊரையே கவிழ்த்துவிட்டாள் என்றான். பெரிய இடத்துச் சம்பந்தம் வேண்டியிருந்தது போல என்றாள் தையல் பிரிவிலேயே ஒருத்தி. சிலர் சிரித்தார்கள்.

தம்பிக்கு அவர்களை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அவர்களோடு சேர்ந்துகொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

"நான் சொன்னப்பவே கேட்டிருக்கலாம்ல?"

அக்கா தலைமுடியிலிருந்து தண்ணீரைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"கதவை இன்னைக்கு இல்லன்னா நாளைக்குச் சண்டை போட்டுத் திறக்கலாம்டா. செத்தவனைச் சண்டை போட்டுக் கொண்டாரவா முடியும்?"

"அந்த ஆளு நாக்கு கூசாம பொய் சொல்றான்க்கா."

"சொல்றதுக்கு நாக்கு இருக்குல்ல. அது போதும்."

அது போதவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

சாயங்காலம் பரிசளிப்பு. கணக்கு அதிகாரி கோப்பையை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். மேலாளர் மறுபடி மைக்கைப் பிடித்தார். இன்னும் ஒரே ஒரு சிறப்பு விருது இருக்கிறது, யாரும் கலைந்து போகவேண்டாம் என்றார். அக்காவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். போட்டோக்காரர் முன்னால் ஓடி வந்தார். மூன்று நடுவர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கேடயத்தில் பொறித்திருந்ததை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்: "மரணத்தின் பிடியிலிருந்து எங்கள் மருமகனின் உயிரை மீட்டுத் தந்த வீரச் சகோதரிக்கு."