வேர்க்குரு

"இதுக்கு ஒரு முடிவு தெரியாம நான் மெஷின்ல உட்கார மாட்டேன்" என்றாள் காஜாக்காரி.

சட்டைகளில் பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பவள். அவள் வாயைத் திறந்தால் அந்தத் தையல் ஆலையின் அத்தனை மெஷின்களும் தாமாகவே நின்று காது கொடுக்கும். கூரைப் புறாக்கள் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பறந்துவிடும்.

விஷயம் இதுதான். வேலைக்கு வரும் தாய்மார்கள் கைப்பிள்ளைகளை விட்டுவைக்க ஆலையின் பின்பக்கம் ஓர் அறை, பார்த்துக்கொள்ள ஓர் ஆயாம்மா. அங்கே ஏதோ ஒரு பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடித்துச் சிவந்திருக்கிறது என்று மேனேஜர் காதுக்குப் போய்விட்டது. எல்லாப் பிள்ளைகளையும் சட்டையைக் கழற்றிப் பார்த்துவிடலாம் என்று அவரே வந்து நின்றார்.

"எதுக்கு சார் எல்லாரையும்? இதோ, இதுதான்."

காலர் தைப்பவளின் ஒன்றரை வயது மகளைத் தூக்கித் திருப்பிக் காட்டினாள் காஜாக்காரி. பின்கழுத்து மடிப்பில் பொடிப்பொடியாகச் சிவப்புப் பொரி. எல்லோரும் தன்னையே பார்ப்பதில் குழந்தைக்கு ஏக சந்தோஷம். கைதட்டிச் சிரித்தது.

"வேர்க்குரு சார்" என்றாள் காலர்காரி. "டாக்டர்கிட்ட காட்டிட்டேன். ஒட்டாதுன்னு சொன்னார்."

"டாக்டர் சொல்லுவார். நாளைக்கு என் பிள்ளைக்கு வந்தா அவரா வந்து விசிறப் போறார்?"

மற்ற தாய்மார்களும் தத்தம் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள்.

மேனேஜருக்கு வேலை சுலபமாக முடிந்தது. மற்றப் பிள்ளைகளைப் பார்க்கவே இல்லை. தோல் சரியாகும்வரை இதைக் கூட்டி வரக்கூடாது என்றார்.

"வீட்டுல பார்த்துக்க ஆள் இல்லை சார். நானும் வராமத்தான் இருக்கணும்."

"அப்ப வேற ஆளைப் போட்டுக்கறோம்மா. ஆர்டர் காத்துக்கிட்டு நிக்காது."

காலர்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பக்கத்துத் தொட்டிலில் காஜாக்காரியின் மகன், புதுசாகச் சுண்ணாம்பு அடித்த சுவர்போல, கழுத்து நிறையப் பவுடரோடு தூங்கிக்கொண்டிருந்தான். அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பறேன் சார்."

"திமிரைப் பாரு. ஒரு வார்த்தை பேசறாளா" என்று முணுமுணுத்துக்கொண்டே மெஷினுக்குத் திரும்பினாள் காஜாக்காரி.

சாயங்காலம் சங்கு ஊதியதும் மகனைத் தூக்க வந்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவன் சட்டைக்குள் கையை விட்டாள். காலையில் அப்பி அனுப்பிய பவுடரைக் காணோம். யாரோ ஈரத்துணியால் பதமாகத் துடைத்திருந்தார்கள். கழுத்திலும் முதுகிலும் அதே சிவப்புப் பொரி. அதன்மேல் ரோஸ் நிறத்தில் ஏதோ மருந்து காய்ந்திருந்தது.

புறாக்களை விரட்டிய அந்தக் குரல் இப்போது கிசுகிசுத்தது.

"யாரு ஆயாம்மா, இது..."

தொட்டில் துணியை மடித்துக்கொண்டிருந்த ஆயாம்மா நிமிரவில்லை.

"காலர்காரிதான். பை எடுக்க வந்தப்ப துடைச்சு, தன் மக மருந்தைத் தடவி, பாட்டிலையும் உன் மகன் பையில வச்சுட்டுப் போனா. பவுடர் போட்டா வேர்வை அடைச்சு இன்னும் பொரியுமாம். 'அக்காகிட்ட மட்டும் சொல்லுங்க. மேனேஜர் காதுல விழுந்தா, பாவம், அவங்களுக்கும் வேலை போயிடும்'னா."