கால்கட்டு

என் கணவர் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தார். டாக்டரம்மா அவர் நெஞ்சில் ஜெல்லைத் தடவி ஸ்கேன் கருவியை அழுத்தினார்.

போர்வைக்குள் இவருடைய கால்விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

கால்கட்டு போட்டால் அடங்கிவிடுவார் என்று நம்பித்தான் இவரை என் தலையில் கட்டினார்கள். கல்யாணமான மறுநாளே விடியற்காலையில் ஓடப் போய், மத்தியானம் நொண்டிக்கொண்டு வந்த மாப்பிள்ளை இவர். நூறு கிலோமீட்டர் பந்தயமெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

போன பந்தயத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார். இதயம் பெருத்துப் போயிருக்கிறது என்றார்கள்.

மூன்று மாதம் ஓடவே கூடாது என்று டாக்டரம்மா சொன்னதுமே இவர் கோபித்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். மீதியைக் கேட்டது நான்தான்.

ஓடி ஓடிப் பெருத்த இதயம் என்றால், ஓட்டத்தை நிறுத்தினால் சுருங்கிவிடும். சுருங்காவிட்டால் அது நோய். மருந்தால் தள்ளிப்போடலாம், குணமாக்க முடியாது.

அதை நான் இவரிடம் சொல்லவில்லை.

ஷூக்களை பீரோவில் வைத்துப் பூட்டினேன். போலீஸ்காரி மாதிரி காவல் காத்தேன். இவர் இருப்புக் கொள்ளாமல் ஹாலுக்கும் சமையலறைக்கும் அலைந்தார். குக்கர் விசில் அடித்தால்கூட துள்ளி எழுந்தார். வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார்.

இன்று மறுபடி ஸ்கேன்.

டாக்டரம்மா திரையில் ஒரு கோடு போட்டு அளந்தார். அழித்துவிட்டு இன்னொரு தடவை அளந்தார்.

"நடுவுல எப்பவாவது ஓடுனீங்களா?"

இதயம் சுருங்கவில்லை என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

இவர் திருதிருவென்று என்னைப் பார்த்தார். எனக்குச் சட்டென்று ஒரு நப்பாசை. துணி காயப்போடுகிறேன் என்று மாடிக்குப் போய் வேர்க்க விறுவிறுக்க இறங்கி வருவாரே, அங்கே சுற்றிச் சுற்றி ஓடியிருப்பார். நான் குளிக்கப் போகும் நேரமெல்லாம் தெருவில் ஒரு சுற்று போயிருப்பார். திருட்டுத்தனம் இவருக்குத் தெரியாததா! ஓடியிருக்க வேண்டும். கடவுளே, ஓடியிருக்க வேண்டும்.

"நான் திட்டவே மாட்டேங்க. ஓடுனீங்கன்னா ஓடுனேன்னு சொல்லுங்க."

"உன்மேல சத்தியமா ஒரு அடி கூட ஓடலடி."

முகமெல்லாம் பெருமை. நான் ஏதாவது சொல்வேன் என்று என்னையே பார்த்தபடி படுத்திருந்தார்.

இருபது வருடத்தில் முதல்முறையாக என் பேச்சைக் கேட்டிருக்கிறார்.