பெயர் அடித்த தகடு

“தொமொயே அக்கா, உலைக்குப் போறதுக்கு முன்னாடி பேரை அடிக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? அடி வாங்கின இடத்துல கார்பன் கன்னாபின்னான்னு ஏறும். அப்புறம் அங்கே மட்டும் துருப்பிடிக்கும்!”

“உலைக்கு அப்புறம் கல்லு மாதிரி ஆயிடும். எழுத்து எப்படிடா பதியும்?”

சுபாமே ஊரில் எவர்சில்வருக்குக் கார்பன் ஏற்றிக் கெட்டிப்படுத்தும் பட்டறை எங்களுடையது. ஊரில் வேறு யாரும் எங்கள் முதலாளி தொமொயே அக்கா மாதிரி உலைக்கு முன்னால் பெயர் அடிப்பதில்லை. சொன்னால் கேட்டால்தானே! மகன் மினாட்டோ கழுத்தில் போட்டுக்கொள்ளும் தகட்டிலும் அவன் பெயரைச் சுத்தியலால் அடித்துவிட்டுத்தான் உலையில் வைத்தார்.

மினாட்டோ போன மீன்பிடிப் படகு திரும்பவில்லை.

இரண்டு வருடம் கழித்துக் கடலோரக் காவல் அதிகாரி அக்காவையும் என்னையும் கூப்பிட்டார். யாருடைய வலையிலோ சிக்கிய எலும்புகள், கூடவே ஒரு தகடு.

“பேர் துருவில போயிடுச்சும்மா. உங்க பையன்தான்னு எப்படிச் சொல்றது?”

அக்கா தகட்டைத் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை, புதுசு மாதிரி மின்னியது. நடுவில் மட்டும் வரிசையாகத் துரு.

“எம்புள்ளைதாங்க,” என்றார். “எழுத்து அடிச்ச இடத்துல மட்டும் துரு பாருங்க. இந்தத் தப்பைப் பண்றவ ஊர்லயே நான் ஒருத்திதான். வேணும்னா இவனைக் கேளுங்க, தினமும் திட்டுவான்.”