பாதி மொட்டை

“மொட்டை அடிங்க” என்று சொல்லிவிட்டு மகன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

சலூன்காரர் கையிலிருந்த சீப்பு நழுவித் தரையில் விழுந்தது. நல்லவேளை, கத்தியாக இல்லை.

கடையை மூடலாம் என்று சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தார் மனுஷர். வேலை நாள், காலை நேரம், வாசலில் தொங்கும் பலகையில் மட்டும் ‘இன்று விடுமுறை’. அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறான்.

மூன்று வருஷமாக இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவன். இன்றைக்குத் தலையையே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எதிரே கண்ணாடியில் தெரியும் அப்பாவைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

“நூறு கிராம் கூட நிக்குது. பன்னெண்டு மணிக்கு எடை பாப்பாங்க. குறையலேன்னா உள்ளேயே விடமாட்டாங்க.”

மகன் மல்யுத்தக்காரன். இன்றைக்குத் தேர்வுப் போட்டி. ஜெயித்தால் நாட்டு அணியில் இடம். ஆனால் எடை ஒரு இம்மி கூடினாலும் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். பட்டினி கிடப்பார்கள், வெந்நீரில் கிடப்பார்கள், ஒன்றும் நடக்காவிட்டால் கடைசியில் தலைமுடியையும் வழித்துப் போடுவார்கள்.

இவன் தலையில் இருந்ததோ அரை விரல்கடை முடி. அதில் நூறு கிராம் தேறும் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் சலூன்காரர் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார். பெற்ற பிள்ளை வாய் திறந்து ஒன்று கேட்கும்போது சிரிப்பா வரும்?

புது பிளேடு மாட்டினார். துணியைக் கழுத்தைச் சுற்றிக் கட்டி, தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தார். உச்சியில் அந்த இரட்டைச் சுழி. அது அங்கேயேதான் இருந்தது. எங்கே போய்விடும்!

“சாப்பிட்டியா?” மூன்று வருஷத்துக்கு அப்புறம் வாயில் வந்தது அதுதான்.

“நேத்து மத்தியானத்துக்கு அப்புறம் ஒண்ணும் சாப்பிடலை.”

சுருக்கென்று தைத்தது. பிரிந்ததே சோற்றைச் சொல்லித்தான். பரீட்சைக்குப் போகாமல் போட்டிக்குப் போய், தோள்பட்டை நழுவிக் கட்டோடு வந்து நின்றவனைப் பார்த்து ஈரக்குலை நடுங்கிப்போயிற்று அவருக்கு. பயத்தைப் பயமாகச் சொல்லத் தெரிந்தால் அவர் ஏன் அப்பா? “மண்ணுல புரண்டு திரியறவனுக்கு என் வீட்டுல சோறு கிடையாது” என்று கத்தித் தொலைத்தார். போட்ட சோறு தட்டிலேயே காய, பயிற்சியாளரின் விடுதிக்குப் போனவன் போனவன்தான். வீம்பில் இரண்டு பேரும் ஒரே அச்சு.

வலது பக்கம் முழுக்க வழித்தாயிற்று. எடைக்கு இது போதாது என்று அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

“மீசையையும் எடுத்துரவா?”

அரும்பிய நாளிலிருந்து கண்ணும் கருத்துமாக வளர்த்த மீசை. மகன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

“ம்… எடுத்துருங்க.”

அப்போது ஒரு துணுக்கு முடி அவன் மூக்கில் விழுந்து அரித்தது. துணிக்கு அடியிலிருந்து கையை எடுத்துச் சொறிந்தான். முழுக்கைச் சட்டை நழுவியது. மணிக்கட்டில் ஊதா மையில் வட்டமாக ஒரு முத்திரை.

கத்தி அப்படியே நின்றது.

எடையில் தேறியவர்களுக்கு மட்டும் தராசுப் பக்கத்திலேயே வைத்துக் குத்துகிற முத்திரை அது. அப்படியென்றால் எடை பார்த்தாயிற்று. பயல் தேறியும் விட்டான். நூறு கிராமும் கிடையாது, பன்னிரண்டு மணியும் கிடையாது.

அடப் படுபாவி! தராசை விட்டு இறங்கினதும் பசிக்கிற வயிற்றைக்கூடக் கவனிக்காமல் நேரே இங்கே வந்திருக்கிறான். அப்பன் கை தன் மேல் பட வேண்டும் என்பதற்காகத் தலையை மட்டுமா, மீசையையும் சேர்த்துக் கொடுக்கத் துணிந்திருக்கிறான்!

சலூன்காரருக்குக் கண்ணீர் மறைத்தது. இனிமேல் கத்தியைப் பிடித்தால் பிள்ளையின் காதுக்கு உத்தரவாதம் இல்லை. கீழே வைத்தார். துணியை அவிழ்த்து உதறி, அவன் முகத்தைத் துண்டால் துடைத்தார். மேசைக்கு அடியில் இருந்த தன்னுடைய டிபன் கேரியரை எடுத்துத் திறந்து மகன் மடியில் வைத்தார்.

“அப்பா, எடை பாக்கணும்…”

“அதான் பாத்தாச்சே. சாப்பிடு.”

மகன் அவசரமாகச் சட்டைக் கையை இழுத்துவிட்டான். பிறகுதான் அவனுக்கு உறைத்தது. பாதி மொட்டையும் முழு மீசையுமாக, முதல்முறையாகக் கண்ணாடியில் அப்பாவை நேருக்கு நேர் பார்த்தான்.

“இது என்ன முத்திரைன்னு உங்களுக்கு எப்படிப்பா தெரியும்? நீங்கதான் ஒரு போட்டிக்குக்கூட வந்ததில்லையே?”

சலூன்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு கத்தியைக் கழுவினார். போட்டி நடக்கிற ஒவ்வொரு நாளும் இந்த வாசலில் அந்தப் பலகை தொங்கும். மல்யுத்தக்காரர்கள் தராசில் ஏறி இறங்கி, முத்திரை குத்திய மணிக்கட்டைக் காட்டிவிட்டு அரங்குக்குள் நுழைவதை, தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு தூணோரமாக நின்று எத்தனை தடவை பார்த்திருப்பார்!

“கேள்வி கேக்காம சாப்பிடு. மீதித் தலை இருக்கு” என்றார். “மீசை இருந்துட்டுப் போகட்டும்.”

மகன் முதல் கவளத்தை வாயில் வைத்ததும், ஆணியில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்துத் தூசி தட்டினார்.

“முடிச்சதும் சேர்ந்தே போயிடலாம். நான் கடையை மூடினதே அங்க வரத்தான்.”